பனியை அழைத்தவளின் கதை சொன்னவளுக்கு

இன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கையில் அட்டன் அச்சகத்தில் வாங்கிவந்த கடதாசிக் கட்டு. அது நனைந்துவிடக் கூடாதே என்று தோட்டத்து மேல் டிவிசனில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் ஓடி ஒதுங்கினேன். அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்து, மழை விடட்டும் என்று ஏழெட்டுப் பெண்கள் அங்கே நின்றிருந்தார்கள். ஈரச் சாக்கும் பச்சைக் கொழுந்தும் யாரோ மென்றுகொண்டிருந்த வெற்றிலையும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. வேலை முடிந்து நீ என் பக்கத்தில் வந்து உட்காரும்போது வருகிற அதே வாசனை. என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன்.

நீ இல்லை. உன் கதை இருந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி, உன்னைக் கண்ணால் கண்டிராதவள், பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்தப் பொண்ணு வாய்க்குள்ளயே ஒரு பாட்டு முணுமுணுக்குமாம். ஒடனே பனி எறங்கிருமாம். பட்டாளத்துக்காரங்க கண்ணுக்கு ஒரு ஆளும் தெரியாதாம்." அது நம் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற மலையில் நடந்ததாகவும் சொன்னாள். நான் திருத்தவில்லை. இந்தக் கதையை யார் சொன்னது என்று மட்டும் கேட்டேன்.

"யாரு சொன்னான்னு தெரியாதுங்க டீச்சர். மலையில எல்லாரும் சொல்றாங்க."

அந்தப் பதிலில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது, உன் பேர் அதில் இல்லாத வருத்தமும் இருந்தது. வீட்டுக்கு வந்து ஈரத்தைத் துடைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் பேரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. அது முதலில் அச்சில் ஏறட்டும்.

நாம் இருவரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உங்கள் வீட்டில் முருகன் படம், எங்கள் வீட்டில் மாதா சொரூபம். அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு வரி வரும். கரையோரத்தை ஆண்ட டச்சு ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடை செய்தார்கள். கத்தோலிக்கர் பலர் மலைநாட்டு மன்னனிடம் அடைக்கலம் புகுந்தார்கள். பரீட்சைக்கு வரும் என்று நான் அடிக்கோடு போட்டேன். நீ எழுந்து நின்று, அவர்கள் எப்படி வந்தார்கள், வழியெல்லாம் காவல் இருந்திருக்குமே என்று கேட்டாய். அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார் என்றார்கள். பாடசாலை விட்டு வரும் வழியில், முன்னால் போகிறவரின் முதுகு தெரியாத பனியில், நீ சொன்னாய்: "இப்பிடித்தான் புள்ள வந்திருப்பாங்க. பனிக்குள்ளாற."

சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு நம் வழிகள் பிரிந்தன. உன் அப்பா கால் முறிந்து படுக்கையில் விழுந்தார்; நீ தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனாய். நான் அட்டனில் கன்னியர் விடுதியில் தங்கி உயர்தரம் படித்து, ஆசிரியையாகி, நம் தோட்டப் பாடசாலைக்கே திரும்பி வந்தேன். அதற்குள் உனக்குக் கல்யாணமாகி ஒரு மகளும் இருந்தாள். நீ மலையில் சொல்ல ஆரம்பித்திருந்த கதையின் நாயகி இனாசிக்கும் ஒரு வயது நிரம்பியிருந்தது. பத்து மணித் தேத்தண்ணிக்குப் பெண்கள் கூடையை இறக்கிவைத்ததும் நீ கதையை எடுப்பாய், ரொட்டி தீரும்போது நிறுத்துவாய். மிச்சம் நாளைக்கு. கங்காணிகூடச் செடியைப் பார்ப்பது போலப் பக்கத்தில் வந்து நிற்பாராம். இதையெல்லாம் என் மாணவர்களின் அம்மாக்கள் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

எழுதி வைக்கலாமே என்று நான்தான் கேட்டேன். நீ சிரித்தாய். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், நான் பூசை முடிந்து வந்ததும், தண்ணீர்ப் பீலியில் நீ துணி துவைப்பாய், நான் கல்லில் உட்கார்ந்து எழுதுவேன். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்லுவாய். என் கொப்பிகளில் பாதிப் பக்கங்கள் சவர்க்காரத் தண்ணீர் தெறித்து மங்கிப்போயிருக்கின்றன.

உன் கதையில், கரையோரத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கே இனாசி என்றொரு பெண். அந்த ஊரார் தங்கள் வேதப்படி கும்பிடக்கூடாது என்று ஒல்லாந்தர் சட்டம். மாதா சொரூபம் வைத்திருந்தால் வீட்டை எரிப்பார்கள், குருவை ஒளித்துவைத்தால் சவுக்கடி. இனாசிக்கு ஒரு வரம் இருந்தது. அவள் வாய்க்குள் பாடினால் பனிமூட்டம் இறங்கும். அதற்குள் ஊரே கூடிப் பூசை காணும், வெளியே நிற்கிற காவலனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவை பனியை அழைக்கும்போதும் அவளுக்கு ஒரு முகம் மறந்துபோகும். முதலில் மறந்தது அவளுடைய அம்மாவின் முகம். அதை நீ சொன்ன அன்று மலையில் பெண்கள் அழுதார்களாம். எதற்கு இப்படியொரு கொடுமை என்று நான் கேட்டேன்.

"சும்மா கெடைக்கிற மந்திரத்த யாரு புள்ள நம்புவா? ஒரு எடத்துல கூடுனா ஒரு எடத்துல கொறையணும்ல," என்றாய்.

அவளைத் தேடிவந்தவன் தானியேல். ஒல்லாந்தருக்குப் பேச்சை மொழிபெயர்க்கும் துபாசி வேலை பார்க்கிறவன். முதலியார் பட்டத்துக்காகப் பேரையும் வேதத்தையும் மாற்றிக்கொண்டவன். ஒளிந்து கும்பிடுகிறவர்களைக் காட்டிக்கொடுத்தால் பட்டம் உறுதி என்று அவனுக்கு ஆசை காட்டியிருந்தார்கள். அவளைப் பிடிக்க வந்தவன் அவளிடமே மனதைப் பறிகொடுத்தான், அவளும் அவனிடம் பறிகொடுத்தாள். எனக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. நீதான் அவனை விட்டுக்கொடுக்காமல் பேசினாய். "அவன் கெட்டவன் இல்ல புள்ள. மேல போகணும்னு நெனைக்கிறவன். நெனைக்கிறதுல தப்பில்ல. எதுல கால வச்சு ஏறுறோம்னுதான் பாக்கணும்." அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பிறகு பிரச்சினை வந்தது. உங்கள் கோயில் கமிட்டித் தலைவர் கங்காணியைக் கூப்பிட்டு, நம் வீட்டுப் பிள்ளை எதற்கு வேதக்காரர் கதையைச் சொல்லித் திரிகிறது, இது மதம் மாற்றுகிற வேலை என்றார். அதே வாரம் எங்கள் மாதா கோயிலில் உபதேசியார், மந்திரம் போடுகிறவளை வேதசாட்சி போலக் காட்டுவது பாவம், அதைக் கேட்பதும் பாவம் என்று பூசைக்குப் பிறகு எழுந்து நின்று சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே கதைக்கு ஒரே நேரத்தில் கோபித்ததை நினைத்து இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

கமிட்டிக் கூட்டத்துக்கு உன்னை வரச்சொன்னார்கள். நீ வேலைச் சேலையோடு போனாய். நான் வேலியோரம் மற்றப் பெண்களோடு நின்றேன். நீ யார் பக்கம் என்று தலைவர் கேட்டார். நீ குரலை உயர்த்தவே இல்லை.

"அவ எந்தச் சாமியக் கும்பிட்டாங்கிறது கதை இல்லீங்க. கும்பிடக் கூடாதுன்னு ஒருத்தன் சொன்னான் பாருங்க, அதுதான் கதை."

கதையை நிறுத்து, இல்லாவிட்டால் இந்த வருடம் பால்குடம் எடுக்கக் கூடாது என்றார்கள். உன் மகளுக்காக நீ நேர்ந்துகொண்டு வருடா வருடம் எடுக்கும் பால்குடம். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு தங்கியவள் அவள். நீ, சாமிக்குத் தெரியுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய்.

திருவிழா அன்று காலையில் நீ குளித்து, மஞ்சள் சேலை கட்டி, வெறுங்கையோடு ரோட்டோரத்தில் நின்றாய். பால்குடங்கள் உன்னைக் கடந்து போயின. பாடசாலைக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்தேன். நாற்பது அடி நடந்தால் உன்னிடம் வந்திருக்கலாம். நான் வரவில்லை. அதற்கு முந்திய ஞாயிறுதான் உபதேசியார் என்னை நிறுத்தி, அந்தக் கதைக்கும் எனக்கும் ஏதும் தொடர்பு உண்டா, யாரோ எழுதுகிறார்கள் என்கிறார்களே என்று விசாரித்தார். எனக்கொன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு, தேத்தண்ணி வந்ததும், நீ விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாயாம். அன்றைக்குக் கங்காணி வேறு பக்கம் போய்விட்டாராம்.

அடுத்த வருடம் கொழும்பில் ஒரு நாவல் போட்டி அறிவித்தார்கள். நான் கொப்பிகளைச் சேர்த்து, பிழை திருத்தி, தட்டச்சுச் செய்ய ஆரம்பித்தேன். முடிவை மட்டும் நீ இன்னும் சொல்லியிருக்கவில்லை. கேட்டபோதெல்லாம் பொறு பொறு என்றாய். கடைசித் தேதி நெருங்கியது. நானே ஒரு முடிவு எழுதினேன். ஒல்லாந்தர் இனாசியை எரிக்கிறார்கள். அவள் ஜெபித்தபடி சாகிறாள். படிக்கிறவர்கள் கலங்குவார்கள், நடுவர்களுக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். விண்ணப்பத்தில் எழுதியவர் என்று ஒரு கோடு இருந்தது. ஒரு பேருக்குத்தான் இடம். பக்கத்தில் தொழில் என்று இன்னொரு கோடு. கொழுந்து எடுக்கும் தொழிலாளி என்று எழுதினால் யார் படிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு இதெல்லாம் பெரிதல்ல என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் பேரை அச்சில் பார்க்க எனக்கு ஆசை. நகரத்துப் பாடசாலைக்கு மாற்றம் கேட்கும்போது கையில் காட்ட ஒன்று வேண்டியிருந்தது.

இரண்டாம் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் என் படம் வந்தது. பழி வந்தபோது கதை உன்னுடையது, பரிசு வந்தபோது என்னுடையது. இதை இவ்வளவு நேராக எழுத எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

பத்திரிகையை மடித்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, பாடசாலை விட்ட பிறகு நீ வந்தாய். உள்ளே வராமல் வகுப்பறை வாசலில் நின்றாய். நான் ஏதேதோ பேசினேன். விண்ணப்பம், கோடு, ஒரு பேருக்குத்தான் இடம். நீ முழுவதையும் கேட்டாய். கொழுந்து எடை குறைந்தால் தோட்டத்தில் அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள், அதற்கு அரைப்பேர் என்று சொல்லுவோமே, அந்தச் சொல்லைத்தான் எடுத்தாய்.

"கொழுந்து கொறைஞ்சா தோட்டத்துல அரைப்பேருதான் போடுவாங்க. நீங்க எனக்கு அந்த அரைப்பேருகூடப் போடலியே, டீச்சர்."

அதுவரை நீ என்னை டீச்சர் என்று கூப்பிட்டதே கிடையாது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நாம் பேசவில்லை. ஒரு நாள் தட்டச்சுப் பிரதியை எடுத்துவந்து உன் வாசலில் வைத்துவிட்டுப் போனேன். நீ திருப்பித் தரவும் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மலையில் கதையும் நின்றுபோயிருந்தது. கமிட்டி கேட்டும், உபதேசியார் கேட்டும் நிற்காத கதை என்னால் நின்றது.

உன் மார்பில் கட்டி என்றும், மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் உன் மகள் வகுப்பில் அழுதபோதுதான் அறிந்தேன். உன் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுவார், ஆனால் கூட்டிப்போக ஆள் இல்லை. விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு நான் வந்து நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாய். "லீவு போட்டீங்களா டீச்சர்?" போட்டேன் என்றேன். அட்டனில் கொழும்பு பஸ்ஸுக்கு மாறி ஏறினோம். உன் முகத்தைப் பார்த்து ஒரு சிங்களத்து அம்மா ஜன்னலோர இடத்தை உனக்கு விட்டுக்கொடுத்தார். கினிகத்தேனை வரைக்கும் நீ வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கித்துல்கலை தாண்டியதும் ரோட்டை ஒட்டி ஆறு தெரிந்தது. அகலமாக, பாறைகளைச் சுற்றிக்கொண்டு, கரையோரப் பக்கமாக ஓடுகிற ஆறு. நீ அந்த வழியில் வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் கையை வைத்தாய்.

"இதுதான் புள்ள அந்த ஆறு," என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "கடைசி அத்தியாயத்த நீ தப்பா எழுதிட்ட," என்றாய்.

நீயே தொடர்ந்தாய். "சாகடிக்கிறது லேசு. செத்துட்டா எல்லாரும் அழுதுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. அவ சாகல."

அவிசாவளை வருவதற்குள் முழு முடிவையும் சொல்லிவிட்டாய். கொப்பி இல்லை, பஸ் டிக்கட்டின் பின்னாலும் என் உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டேன். தானியேல் பட்டத்து ஆசையில் விழுந்து ஊரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். பட்டாளம் துரத்த, சனங்கள் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிறார்கள். அக்கரை மலைநாட்டு மன்னனின் எல்லை. இந்தத் தடவை பனியை அழைத்தால் மறக்கப்போவது தானியேலின் முகம் என்று இனாசிக்குத் தெரியும். அவன் செய்த துரோகமும் தெரியும். தெரிந்தும் அந்த முகத்தை இழக்க அவளுக்கு மனமில்லை. பிறகு பாடுகிறாள். பனி இறங்குகிறது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஆற்றைக் கடந்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில், உத்தியோகக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒருவன் நனைந்தபடி அக்கரைக்கு வந்து தண்ணீர் கேட்கிறான். அவள் தண்ணீர் ஊற்றுகிறாள். நீங்கள் எந்த ஊர், பேர் என்ன என்று கேட்கிறாள். அவன் தன் தாய் வைத்த பழைய பேரைச் சொல்கிறான்.

"அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. அவனுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு. அவதான் மறந்துட்டாளேன்னு அவன் தப்பிக்க முடியாது. தெனமும் அவ மொகத்தப் பாத்துக்கிட்டே அவன் சொமக்கணும். ஆனா, கூட இருக்கலாம்."

நீ என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆற்றைப் பார்த்துத்தான் சொன்னாய்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். மருந்து ஏற்றப் போன ஒவ்வொரு தடவையும் நான் உன்னோடு வந்தேன். தலைமுடி கொட்டியபோது, இனி ஈர் பார்க்கிற வேலை மிச்சம் என்றாய். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களுக்கு இனாசி கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாய். சிங்களப் பெண்களுக்கு ஒரு தாதி மொழிபெயர்த்துச் சொன்னார். அம்மாவின் முகம் மறக்கும் இடம் வரைக்கும்தான் உன்னால் சொல்ல முடிந்தது.

நீ போய், உன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு நான் போட்டி நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதினேன். கதை என்னுடையது அல்ல என்றும், யாருடையது என்றும், நான் செய்தது என்ன என்றும். பரிசையும் சான்றிதழையும் திருப்பி அனுப்பினேன். பத்திரிகையில் மூலையில் நாலு வரி வந்தது. அதை எங்கள் ஆசிரியர் அறையில் யாரோ வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதிபர் என்னைக் கூப்பிட்டு, பாடசாலைக்குக் கெட்ட பேர், சும்மா இருந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்றார். எனக்குத் தெரியும் சேர் என்றேன். நகரத்து மாற்றம் வரவில்லை. இனி கேட்கப்போவதும் இல்லை.

கதையைத் திருப்பி எழுதுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. உன்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்களே. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா மண்டபத்தைக் கேட்டு வாங்கி, உன்னோடு கொழுந்து எடுத்த பெண்களைக் கூட்டி, ஒவ்வொரு அத்தியாயமாக வாசித்தேன். நான் அழகுக்காகச் செருகிய வசனம் வந்ததும் யாராவது ஒருத்தி கையைத் தூக்குவாள். "அவ இப்பிடிச் சொல்லலீங்க டீச்சர்." எப்படிச் சொன்னாள் என்று கேட்பேன். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லி, சண்டை பிடித்து, கடைசியில் ஒன்றுக்கு வருவார்கள். அதை எழுதுவேன். பதினான்கு மாதம் ஆனது. மூன்றாவது வாரத்திலிருந்து கமிட்டித் தலைவரின் மனைவியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆற்றைக் கடக்கும் அத்தியாயம் வாசித்த அன்று, அந்த வருடம் உன்னைப் பால்குடம் எடுக்கவிடாதது தப்பு என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். இந்த வருடம் உன் மகள் எடுத்தாள். நான் அவள் பக்கத்தில் கோயில் வாசல் வரைக்கும் நடந்தேன். அதைப் பார்த்துவிட்டு உபதேசியார் மறுபடியும் என்னை நிறுத்தினார். அந்த மந்திரக் கதைக்கும் எனக்கும் தொடர்பு உண்டா என்றார். உண்டு, அவள் சொன்னாள், நான் எழுதினேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இன்று அச்சகத்திலும் ஒரு வாக்குவாதம். முகப்புத்தாளில் என் பேரைப் போட்டிருந்தார்கள். டீச்சர்தானே எழுதினது என்றார் அச்சகக்காரர். பக்கத்தில் நின்று, அதை எடுக்கவைத்து, உன் பேரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கோர்க்கவைத்து, பிழை பார்த்த பிறகுதான் பஸ் ஏறினேன். தொழில் என்ன போடட்டும் என்று கேட்டார். கொழுந்து எடுப்பவர் என்று போடச் சொன்னேன். உள்ளே, சிறிய எழுத்தில், கேட்டு எழுதியவர் என்று என் பேர் வரும். அடுத்த மாதம் புத்தகம் வந்துவிடும். முதல் புத்தகக் கட்டை மேல் டிவிசனுக்குத்தான் கொண்டுபோவேன். மடுவத்தில் கதை சொன்ன அந்தப் பெண்ணுக்கு முதல் பிரதி.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாக மகரகமையிலிருந்து திரும்பி வந்த பயணத்தில், நீ என் தோளில் சாய்ந்திருந்தபோது, என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். நீ கண்ணைத் திறக்கவில்லை. "அத அப்பறம் பாக்கலாம். மொதல்ல நீ எழுதி முடி," என்றாய். நான் எழுதி முடிக்கும்போது நீ இல்லை. மன்னிப்பு இருந்ததா, இருந்திருக்குமா என்று இனி யாரிடமும் கேட்க முடியாது. அதற்காக நான் அழுது முடித்துவிட்டேன். இப்போது அந்தப் பதிலில்லாத கேள்வியோடுதான் காலையில் எழுகிறேன், பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிறேன். எட்டாம் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, பரீட்சைக்கு வராத கேள்வி கேட்டால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நீ என்ன நினைக்கிறாய், சொல் என்கிறேன். சொல்லி முடிக்கும் வரைக்கும் குறுக்கே பேசுவதில்லை. பிறகு அதைக் கரும்பலகையில் எழுதி, கீழே அந்தப் பிள்ளையின் பேரை முழுதாக எழுதுகிறேன்.